கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்லி பார்க்கைக் கேக்குறாங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல இருக்கிற பார்க்குல பெருசா ஒண்ணும் கிடையாது. 2 சிமெண்ட் பெஞ்ச், ஒரு துருப்பிடிச்ச ஊஞ்சல், பசங்க கிரிக்கெட் ஆடி ஆடி புல்லே முளைக்காம போன ஒரு 20 மீட்டர் செம்மண் கீத்து, ஓரத்துல 3 பெரிய மரம். டர்பன் டூரிஸ்ட் புத்தகத்துல எல்லாம் வராது. ஆனா பக்கத்து ஸ்கூலுக்குப் புது பிளாக் கட்டப்போறோம்னு பேச்சு வந்ததும், கட்டுமான வண்டி நிறுத்துறதுக்கு எல்லார் கண்ணும் முதல்ல போனது இந்த இடத்து மேலதான். "சும்மாதானே கெடக்கு"ன்னாங்க. வேலி போட்டாச்சு, 8 மாசம்னு சொன்னாங்க, வேலி பிரிச்சப்ப 19 மாசம் ஆயிருந்துச்சு.

ஸ்கூல் பேரு, கான்ட்ராக்டர் பேரு எல்லாம் இங்க வேணாம், அவங்களைத் திட்டுறதுக்கு இதை எழுதல. நான் 11 வருஷம் கட்டுமானத் தொழில்ல குவாண்டிட்டி சர்வேயிங் (கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணக்கு போடுறது) பக்கம் வேலை பாத்தவன், இந்த மாதிரி கோரிக்கை எப்படித் தயாராகுதுன்னு உள்ளேருந்து தெரியும், அதனால இப்ப வேற ஏரியாக்கள்லயும் இதே பேச்சு அடிபடும்போது, ஒரு பப்ளிக் பார்க்கை ஸ்கூல் கட்டுமான வண்டி நிறுத்தக் கொடுக்குறதுக்கு முனிசிபாலிட்டி சரின்னு சொல்லும்போது உண்மையில என்னத்துக்குச் சரி சொல்லுதுன்னு கொஞ்சம் விளக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன், ஸ்கூலுக்கு இடம் வேணும்கிறது நிஜம். இந்தியாவுலேருந்து வந்த நம்ம ஆளுங்களுக்கு ஸ்கூல்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. நேட்டால்ல (இந்த மாகாணத்தோட பழைய பேரு) இந்தியப் பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடங்கள்ல ரொம்ப காலம் பாதிக்கு மேல சனங்களே காசு போட்டுக் கட்டினதுதான், அரசாங்கம் உதவி மட்டும் பண்ணும், அதைத்தான் ஸ்டேட் எய்டட் ஸ்கூல்னு சொன்னாங்க. கரும்புத் தோட்டத்துல வேலை பாத்த சனம், முனிசிபாலிட்டில குப்பை அள்ளுன சனம், சம்பளத்துல கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக் கட்டுன செங்கல் அது. 1929-ல டர்பன்ல இந்தியப் பிள்ளைங்களுக்காகத் திறந்த ஹைஸ்கூல், சாஸ்திரி காலேஜும் சமூகம் காசு திரட்டிக் கட்டுனதுதான். இடம் பத்தாம காலைல ஒரு செட்டு மத்தியானம் ஒரு செட்டுன்னு பிளாட்டூன் கிளாஸ் நடந்ததெல்லாம் எங்க அப்பா தலைமுறை சொல்லும். 2022 ஏப்ரல் வெள்ளத்துல குவாசூலு நேட்டால்ல 600-க்கு மேல ஸ்கூல் அடி வாங்குச்சு. அதனால ஸ்கூல்ல கட்டடம் கட்டுறாங்கன்னா சந்தோஷம்தான். பார்க்ஹோம்னு ஒரு தகரப் பெட்டி வகுப்பறை இருக்கே, வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும், அதுல பிள்ளைங்க உக்காந்து படிக்கிறதைப் பாத்தவங்க யாரும் கட்டடம் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. (பேர்ல பார்க்கும் இருக்கு, ஹோமும் இருக்கு, நிஜத்துல ரெண்டும் இல்ல.)

பார்க் பக்கமும் ஒரு கதை இருக்கு, அதை யாரும் ரிப்போர்ட்ல எழுத மாட்டாங்க. 1950-ல குரூப் ஏரியாஸ் ஆக்ட் வந்துச்சு, இன்ன இனம் இன்ன ஏரியாவுலதான் இருக்கணும்கிற சட்டம். கேட்டோ மேனர், மேவில், மேகசின் பேரக்ஸ்னு டர்பனோட மத்த பகுதில இருந்த சனங்களைக் கிளப்பி 1964-லேருந்து சாட்ஸ்வொர்த்ல கொண்டாந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடி இங்க வாழை, காய்கறி போட்டுக்கிட்டு இருந்த இந்திய விவசாயிங்களோட நிலத்தை எடுத்துத்தான் இந்த டவுன்ஷிப்பே வந்துச்சு. மேட்டு மேல வரிசையா வீடு வீடாக் கட்டித் தள்ளினாங்க, மைதானம், ஹால், லைப்ரரி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. ஒட்டு ஒட்டா வீடு, கையளவு முற்றம், அதுல ஒரு பக்கம் வாழை ஒரு பக்கம் கறிவேப்பிலை, பிள்ளை ஓடி விளையாட இடம் எங்க? அதனாலதான் இந்த மாதிரி ஒரு துண்டு புல்தரைக்கு இங்க இருக்கிற மதிப்பும், வீட்டுக்கு வீடு தோட்டமும் நீச்சல்குளமும் இருக்கிற பழைய வெள்ளைக்கார ஏரியா பார்க்குக்கு இருக்கிற மதிப்பும் ஒண்ணு இல்லன்னு நான் சொல்றேன். அங்க பார்க் போனா பிள்ளை வீட்டுத் தோட்டத்துல ஆடும், இங்க பார்க் போனா பிள்ளை ரோட்டுல ஆடும், ரோட்டுலதான் லாரி வருது.

ஆக இது ஸ்கூலா பார்க்கான்னு சண்டை இல்ல, ரெண்டும் நம்மளோடதுதான். செலவை யார் தலைல கட்டுறதுங்கிறதுதான் சண்டை.

கட்டுமானத்துல டெண்டர் போடும்போது பி அண்ட் ஜி-ன்னு (பிரிலிமினரீஸ் அண்ட் ஜெனரல்) ஒரு பகுதி இருக்கும். செங்கல், கம்பி, சிமெண்ட் இதுக்கெல்லாம் சேராத செலவு எல்லாம் அதுக்குள்ள வரும். சைட் ஆபீஸ் கான்டெய்னர், வேலி, டாய்லெட், தண்ணி, கரெண்ட், செக்யூரிட்டி, சாமான் இறக்கி வைக்கிற இடம், வண்டி நிறுத்துற இடம். ஒரு கான்ட்ராக்டர் பக்கத்துல இருக்கிற காலி இடத்தை வாடகைக்கு எடுக்கணும்னா அந்த வாடகை பி அண்ட் ஜி-ல ஏறும், இல்ல தூரமா எங்கயாவது நிறுத்திட்டு ஆளுங்களை டாக்ஸில கொண்டு வரணும்னா அந்தக் காசும் அதுலதான் ஏறும். பார்க் சும்மா கிடைக்குதுன்னா? அந்த வரியில பூஜ்யம். நான் போட்ட கணக்குலயே அந்தப் பூஜ்யத்தை எத்தனையோ தடவை டைப் பண்ணிருக்கேன், அப்ப அது ஒரு பூஜ்யம்னுதான் பட்டுச்சு, யாரோ பிள்ளையோட சாயங்காலம்னு படல.

இன்னும் ஒரு விஷயம் இருக்கு, இதைக் கேட்டா கொஞ்சம் வயிறு எரியும். பி அண்ட் ஜி-ல ஒரு பகுதி மாசக் கணக்குல கொடுக்குறது. கான்ட்ராக்டர் தப்பு இல்லாம வேலை லேட்டானா, காரணத்தைப் பொறுத்து, ஒப்பந்தப்படி கூடுதல் மாசத்துக்கு அவருக்குக் கூடுதல் காசு வாங்க வழி இருக்கு. நியாயம்தான், அவர் கிரேன் வாடகை கட்டுறாரு, வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்குறாரு. ஆனா அதே கூடுதல் மாசத்துக்கு பார்க்கை இழந்த சனத்துக்கு என்ன? ஒண்ணும் இல்ல. லேட்டாகுறது இங்க அபூர்வமும் கிடையாது, டிபார்ட்மெண்ட் பில் பாஸ் பண்ணாம இழுக்கும், மழை, பிசினஸ் ஃபோரம்னு பேர் வச்சுக்கிட்டு ஆளுங்க வந்து சைட்டை மூடிட்டு எங்களுக்கு 30 சதவீதம் வேலை கொடுன்னு நிக்கிறது, டர்பன்ல சைட்ல வேலை பாத்தவங்களுக்கு இதெல்லாம் பழக்கம். அதனால 8 மாசம்னு எழுதுன பேப்பரைப் பாத்தா நான் மனசுக்குள்ள ரெண்டால பெருக்கிக்குவேன்.

இப்ப கட்டுமான பார்க்கிங்னு ஒரே வார்த்தையில சொல்றாங்களே, அதுக்குள்ள மூணு வேற வேற சாமான் இருக்கு. வேலை ஆளுங்க முக்காவாசிப் பேரு மினிபஸ் டாக்ஸில வருவாங்க, இல்ல ஒரு பக்கி (பிக்அப் வண்டி) பின்னாடி 6 பேரா வருவாங்க, அவங்களுக்கு வேண்டிய இடம் கம்மி. ரெண்டாவது லாரி, மிக்சர், கம்பிக்கட்டு, மணல் குவியல். மூணாவதுதான் யாரும் வாயைத் திறந்து சொல்லாதது: ஸ்கூலோட சொந்த பார்க்கிங்ல கான்டெய்னர் வச்சிட்டதால இடம் இல்லாம போன டீச்சருங்க கார். எங்க பார்க்குல பாதி நாள் நின்னது அதுதான். கோரிக்கை வரும்போது இந்த மூணையும் பிரிச்சுக் கேளுங்க, ஏன்னா மூணுக்கும் மாத்து வழி வேற, மூணும் மண்ணுக்குப் பண்ற கெடுதலும் வேற.

கெடுதல்னு சொன்னேன், அதை நிதானமாச் சொல்லணும், ஏன்னா "புல்லுதானே, திரும்ப முளைக்கும்"னு சொல்றவங்க பெரும்பாலும் கெட்டவங்க இல்ல, தெரியாதவங்க.

ஒரு காருக்கு வந்து போற வழியும் சேத்து சுமார் 25 சதுர மீட்டர் வேணும். 30 கார்னா 750 சதுர மீட்டர். கார் எடை ஒண்ணு ஒண்ணரை டன். 6 கியூபிக் மீட்டர் ஏத்துன கான்கிரீட் மிக்சர் என்ன எடை இருக்கும்? கான்கிரீட் மட்டும் 14 டன்னுக்கு மேல, வண்டியோட சேந்தா 25 டன் தாண்டும். ஈர மண்ணுல அது ஒரு தடவை ஏறி இறங்குனாலே மண்ணுக்குள்ள இருக்கிற காத்துப் பொந்து எல்லாம் நசுங்கிப் போகும். மரத்தோட வேர் நாம நினைக்கிற மாதிரி ஆழமா கிணறு தோண்டிக்கிட்டுப் போறது இல்ல, தண்ணி உறிஞ்சுற மெல்லிசு வேர்ல பெரும்பகுதி மேல் அரை மீட்டர்லயே, கிளை விரிஞ்ச வட்டத்தையும் தாண்டி அகலமா படர்ந்து கிடக்கும். அந்த வேர் மூச்சு விடணும், மண்ணு இறுகுனா முடியாது. மர நிபுணருங்க வச்சிருக்கிற ஒரு கணக்கு, அடிமரத்தோட குறுக்களவை 12 ஆல பெருக்கு, அவ்ளோ தூரம் சுத்தி எந்த வண்டியும் வரக்கூடாது. அரை மீட்டர் தடிமன் மரம்னா சுத்தி 6 மீட்டர், கிட்டத்தட்ட 113 சதுர மீட்டர். எங்க பார்க்குல 3 மரம் இருந்துச்சு, அந்தக் கணக்கைப் போட்டிருந்தா பார்க்கிங் பிளான்ல பாதி அப்பவே அடிபட்டுப் போயிருக்கும், அதனாலதான் யாரும் போடல போல.

மரம் உடனே சாகாதுங்கிறதுதான் இதுல பெரிய ஏமாத்து. நிழல்னு சொல்லி அடியிலயே நிறுத்துவாங்க, அந்த வருஷம் பச்சையாத்தான் நிக்கும், அடுத்த வருஷம் உச்சிக் கிளை காயும், 3 வருஷம் 5 வருஷம் கழிச்சுத்தான் பட்டுப் போகும். வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் குறை இருந்தா கான்ட்ராக்டரே சரி பண்ண வேண்டிய குறை நிவர்த்திக் காலம் எவ்ளோ தெரியுமா, ஒப்பந்தத்தைப் பொறுத்து 3 மாசம், பெரிய வேலைன்னா ஒரு வருஷம். அது முடிஞ்சா பிடிச்சு வச்ச காசு அவர் கைக்குப் போயிடும். மரம் சாகும்போது கேக்க ஆளே இருக்காது, "வயசாயிடுச்சு, பூச்சி புடிச்சிருச்சு"ன்னு வெட்டி எடுத்துட்டுப் போவாங்க. அந்த மூணுல ஒண்ணு சிரிங்கா மரம், சட்டப்படி அது வெளிநாட்டு ஆக்கிரமிப்பு மரம், அதுக்காக யாரும் மனு போட முடியாது, ஆனா எங்க ஆயா வேப்பிலை கிடைக்காத காலத்துல வீட்டுல அம்மை போட்டா அதோட இலையைத்தான் ஒடிச்சிட்டு வரச் சொல்லும். சரி, விஷயத்துக்கு வரேன்.

தண்ணி. டர்பன்ல கோடை மழை ஒரு சாயங்காலத்துல 50 மில்லிமீட்டர் கொட்டுறது சாதாரணம். 750 சதுர மீட்டர்ல 50 மில்லிமீட்டர்னா 37,500 லிட்டர், 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க் ஏழரை. நல்ல புல்தரைன்னா அதுல நிறைய உள்ள இழுத்துக்கும். இறுகுன மண்ணு, இல்ல கிரஷர் கல்லு கொட்டி ரோலர் ஓட்டுன தரைன்னா பெரும்பகுதி அப்படியே சரிவுல இறங்கும், சாட்ஸ்வொர்த் முழுக்கச் சரிவுதான், கீழ யார் வீட்டுக் கிச்சனோ இருக்கு. 2022 ஏப்ரல் 11, 12-ல சில இடத்துல 24 மணி நேரத்துல 300 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சு 400-க்கும் மேல சனம் செத்ததுக்கு அப்புறமும் "தண்ணி எங்க போகும்"னு கேக்காம ஒரு பார்க்கிங்கை அப்ரூவ் பண்றாங்கன்னா எனக்குப் புரியல.

சரி, அப்ரூவ் பண்றது யாரு? இங்கதான் கொஞ்சம் சிக்கல். 1996 அரசியல் சாசனத்துல ஸ்கூல் கல்வி தேசியமும் மாகாணமும் பாத்துக்குறது, பார்க் முனிசிபாலிட்டியோடது. வேடிக்கை என்னன்னா 5-ஆவது அட்டவணையோட பி பகுதியில முனிசிபல் பார்க், பொது இடம், டிராஃபிக் அண்ட் பார்க்கிங் எல்லாம் ஒரே பட்டியல்ல வருது. அதனால மாகாணக் கல்வித் துறையே கேட்டாலும், அவங்க நியமிச்ச கான்ட்ராக்டர் கேட்டாலும், பிரின்சிபல் வந்து பணிவாக் கேட்டாலும் பார்க்கைக் கொடுக்குற அதிகாரம் முனிசிபாலிட்டிக்குத்தான். ஸ்கூல் கவர்னிங் பாடி கையெழுத்து போட்டுட்டாங்க, வார்டு கவுன்சிலர் தலையாட்டிட்டாருன்னு சொன்னா அது அனுமதி இல்ல. கவுன்சிலர் ஒரு ஓட்டு, வார்டு கமிட்டி ஆலோசனை சொல்ற இடம், அவ்ளோதான்.

முனிசிபாலிட்டி எப்படிக் கொடுக்கணும்னு 2003-ஓட முனிசிபல் ஃபைனான்ஸ் மேனேஜ்மெண்ட் ஆக்ட்டும், அதுக்குக் கீழ 2008-ல வந்த சொத்து மாற்ற விதிகளும் சொல்லுது. விக்கிறது ஒரு வகை, பயன்படுத்துற உரிமை கொடுக்குறது இன்னொரு வகை, பார்க்கிங் இந்த ரெண்டாவதுல வரும். அந்தக் காலத்துல அந்த இடம் முனிசிபாலிட்டிக்கே தேவைப்படுமா, பதிலுக்கு என்ன ஈடு கிடைக்குது, ரிஸ்க் யார் தலைல, யாராவது கருத்து சொல்லிருக்காங்களா, இதெல்லாம் யோசிக்கணும்னு விதி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஓட்டையும் இருக்கு: கட்டாயம் சனங்கள்ட்ட கருத்துக் கேக்கணும்கிறது எப்ப வரும்னா சொத்தோட மதிப்பு 10 மில்லியன் ராண்டுக்கு மேல இருந்து, உரிமையும் 3 வருஷத்துக்கு மேல இருந்தாத்தான். ரெண்டும் சேரணும். ஸ்கூல் கட்டுற எந்தக் கான்ட்ராக்டரும் 3 வருஷத்துக்கு பார்க்கிங் கேக்க மாட்டாரு, 8 மாசம் கேப்பாரு, 12 மாசம் கேப்பாரு. சாட்ஸ்வொர்த்ல ஒரு சின்ன பார்க்கோட மதிப்பும் பேப்பர்ல 10 மில்லியனைத் தொடாது. அதனால நம்மளக் கேக்காமலே முடிக்க வழி சட்டத்துலயே இருக்கு. சின்ன விஷயத்தை அதிகாரி மட்டத்துலயே முடிக்கச் சொல்லி கவுன்சில் அதிகாரத்தைக் கீழ கொடுத்தும் வச்சிருக்கலாம். வேலி வந்ததுக்கு அப்புறம்தான் நமக்கு விஷயம் தெரியுதுன்னா அதுல பாதி நேரம் யாரும் சட்டத்தை மீறல, அதான் கொடுமை.

அதிகாரி மட்டத்துல எடுத்த முடிவுன்னா ஒரு வழி இருக்கு. 2000-ஓட முனிசிபல் சிஸ்டம்ஸ் ஆக்ட், 62-ஆவது பிரிவு, தன்னோட உரிமை பாதிக்கப்படுதுன்னு நினைக்கிறவங்க முடிவு தெரிவிக்கப்பட்ட 21 நாளுக்குள்ள முனிசிபல் மேனேஜருக்கு எழுத்துல அப்பீல் பண்ணலாம். முழு கவுன்சில் எடுத்த முடிவுக்கு இது செல்லாது, அதனால முதல் கேள்வியே "யார் கையெழுத்து போட்டது"ன்னு இருக்கட்டும். காரணம் என்னன்னு எழுத்துல கேக்குறதுக்கு நிர்வாக நீதிச் சட்டத்துல 90 நாள் இருக்கு. ஒப்பந்தத்தோட நகல் வேணும்னா தகவல் சட்டத்துல மனு போடலாம், 30 நாள்ல பதில் வரணும். வருமான்னு கேட்டா சிரிப்பேன், ஆனா மனு போட்ட தேதி நம்ம கையில இருக்கிறது நல்லது. அதோட, பார்க்கோட ஓரம் டி-மாஸ்னு சொல்ற டர்பன் பசுமை வலையத்துக்குள்ள வருதான்னு மேப்ல பாருங்க, வந்தா சுற்றுச்சூழல் பிரிவோட சம்மதம் இல்லாம நகர முடியாது. இயற்கையா வளர்ந்த அருகிப்போன புல்வெளியா இருந்தா 300 சதுர மீட்டர் அழிக்கிறதுக்கே தேசிய சுற்றுச்சூழல் சட்டப்படி அனுமதி வேணும், அது வெறும் 12 கார் நிறுத்துற இடம்தான். நட்டு வளத்த கிக்கூயூ புல்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, எங்க பார்க் கிக்கூயூ.

இந்த "தற்காலிகம்"கிற வார்த்தையை அமெரிக்காவுல கோர்ட்டே எடுத்து அலசிருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம். நியூயார்க் பிராங்க்ஸ்ல வான் கோர்ட்லாண்ட் பார்க், அதுல இருக்கிற கோல்ஃப் மைதானத்துக்கு அடியில சிட்டி ஒரு தண்ணி சுத்திகரிப்பு ஆலை கட்டணும்னுச்சு. கட்டி முடிச்சுட்டு மேல மண்ணு போட்டு புல்லு வச்சு பழையபடி கொடுத்துடுறோம், 5 வருஷம்தான்னாங்க. 2001-ல அந்த மாநிலத்தோட உச்ச அப்பீல் கோர்ட் சொன்னது, 5 வருஷம் சனம் பார்க்கை இழக்குறதும் இழப்புதான், பார்க் நிலத்தை வேற வேலைக்கு எடுக்க மாநில சட்டசபை சம்மதம் வேணும்னு. அப்புறம் 2003-ல சட்டசபை சம்மதம் கொடுத்துச்சு, பதிலுக்கு பிராங்க்ஸ் பார்க்குகளுக்கு 200 மில்லியன் டாலருக்கு மேல ஒதுக்கினாங்க. ஆலை ஓட ஆரம்பிச்சது 2015-ல. 5 வருஷம்னு சொன்னது எங்க போய் நின்னுச்சு பாருங்க. ஆனா அங்க சனத்துக்கு ஈடு கிடைச்சதுக்குக் காரணம் "தற்காலிகம்தானே"ன்னு கோர்ட் விட்டுக்கொடுக்காததுதான்.

ஸ்கூல் சம்பந்தப்பட்டதும் ஒண்ணு இருக்கு. மாசச்சூசெட்ஸ்ல வெஸ்ட்ஃபீல்டுங்கிற ஊர்ல ஒரு பிளேகிரவுண்ட்ல தொடக்கப் பள்ளி கட்டப் பாத்தாங்க. 2017-ல அந்த மாநில உச்ச கோர்ட், சனம் வருஷக்கணக்கா பார்க்கா பயன்படுத்துன இடம், அதுக்காகவே மத்திய அரசு பார்க் நிதியும் வாங்கிருக்கீங்க, பத்திரத்துல எழுதலைன்னாலும் அது பார்க்தான்னு சொல்லிடுச்சு. கட்டணும்னா மாநில சட்டசபையில மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். ஸ்கூல் நல்ல காரியம்கிறதால விதி தளரல. அந்த நிதி வாங்குன பார்க்குகள்ல தற்காலிகமா வேற வேலைக்கு விடுறதுக்கும் 6 மாசம்தான் கெடு. நம்ம சட்டத்துல 3 வருஷம் வரைக்கும் "குட்டிக் காலம்", அங்க 6 மாசம் தாண்டினாலே நிரந்தரமா எடுத்த மாதிரி பாக்குறாங்க. ஒரு 6 வயசுப் பிள்ளைக்கு 3 வருஷம்கிறது எவ்ளோ நீளம்னு யாரு கணக்கு போட்டாங்களோ.

அதுக்காக எந்தக் காலத்துலயும் கொடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. சில சைட் உண்மையிலயே இறுக்கம், ஒரு பக்கம் ரோடு ஒரு பக்கம் பள்ளம், லாரி திரும்பவே இடம் இருக்காது, பிள்ளைங்க நடக்குற கேட்டுலயே லாரியையும் விடுறதை விட பார்க் ஓரத்துல ஒரு கீத்தைக் கொடுக்குறது பாதுகாப்பு. ஆனா அதுக்கு முன்னாடி வேற இடம் பாத்தாங்களான்னு கேக்கணும். நம்ம ஏரியாவுல கோயில் பார்க்கிங் இருக்கு, காவடி, தேர், புரட்டாசி சனிக்கிழமை விட்டா வார நாள்ல காத்தாடுது, கோயிலுக்கு மாசம் கொஞ்சம் வாடகை வந்தா கமிட்டிக்கும் கூரை மாத்தக் காசு ஆச்சு. சர்ச் ஹால், மசூதி இடமும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் விட்டுக் கொடுத்தாப் போதும். டீச்சருங்க கார் அங்க நிக்கலாம், 5 நிமிஷ நடை. இதை எங்க ஏரியாவுல நான் சொன்னப்ப ஒருத்தர் "அண்ணே, டீச்சரை நடக்கச் சொல்றதா"ன்னு கேட்டாரு. பிள்ளைங்களை ரோட்டுல ஆடச் சொல்றதுல மட்டும் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்ல.

கொடுத்தே ஆகணும்னா எதை எழுதி வாங்கணும்? முடியுற தேதி. "வேலை முடியும் வரை"ன்னு எழுதுனா அது தேதி இல்ல, நாள்காட்டில இருக்கிற ஒரு நாள் வேணும், அதுக்கு மேல போனா மறுபடி சனம் முன்னாடி வந்து கேக்கணும், கூடுதல் மாசத்துக்குக் கூடுதல் வாடகை, அதுவும் ஏறிக்கிட்டே போற வாடகை. அந்தக் காசு பொது கஜானாவுல கரையாம அதே பார்க்குக்குப் போகணும். மரத்துக்குச் சுத்தி வேலி முதல்ல, லாரி அப்புறம். லாரி ஓடுற வழில மண்ணு மேல ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சு அது மேல கல்லு, முடிஞ்சதும் துணியோட சேத்து அள்ளிட்டு மண்ணை ஆழமாக் கிளறி மேல்மண்ணு போட்டு புல்லு வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துறது அவங்க வேலை. பேங்க் கியாரண்டி, அதுவும் 3 மாசத்துக்கு இல்ல, மரத்துக்காக குறைஞ்சது 3 வருஷத்துக்கு. இதைக் கேட்டா கான்ட்ராக்டர் சைடுல மூஞ்சி சுளிப்பாங்க, நானும் அந்தப் பக்கம் உக்காந்து சுளிச்சிருக்கேன், ஆனா டெண்டருக்கு முன்னாடியே சொல்லிட்டா எல்லாரும் ஒரே மாதிரி விலை போட்டுடுவாங்க, யாருக்கும் நஷ்டம் இல்ல. வேலை கொடுத்ததுக்கு அப்புறம் சொன்னாத்தான் சண்டை.

இன்னொண்ணு, இதை நான் எங்கயும் எந்த ஒப்பந்தத்துலயும் பாத்தது இல்ல. டிசம்பர் நடுவுல பில்டர்ஸ் ஹாலிடே வரும், சுமார் 3 வாரம் சைட்டே மூடிடும், வாட்ச்மேன் மட்டும் இருப்பாரு. அதே நேரத்துல ஸ்கூலுக்குப் பெரிய லீவு, ஏரியாவுல இருக்கிற அத்தனை பிள்ளையும் வீட்டுல. ஒரு வண்டியும் நிக்காத பார்க் வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கும், வெளிய பசங்க பேட்டைக் கையில வச்சுக்கிட்டு வேலியைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. அந்த 3 வாரமாவது கேட்டைத் திறந்து விடுன்னு ஒரு வரி எழுதுறதுக்கு என்ன செலவு? எங்க பார்க்குல அந்த மாதிரி ஒரு டிசம்பர் முழுசாப் போச்சு, 19 மாசத்துல ரெண்டு டிசம்பர் வந்துச்சு, ரெண்டாவது டிசம்பர்ல பசங்களே வேலிக்கு அடியில தோண்டி வழி பண்ணிக்கிட்டாங்க, வாட்ச்மேன் பாக்காத மாதிரி திரும்பி உக்காந்துக்கிட்டாரு, நல்ல மனுஷன்.

வேலி பிரிச்ச அன்னிக்கு எல்லாம் பழையபடி வச்சாச்சுன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்க வந்தாங்க. பழையபடின்னா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாரும் ஒரு போட்டோ எடுத்து வைக்கல, முனிசிபாலிட்டி ஃபைல்லயும் இல்ல. கடைசில பக்கத்து வீட்டு அக்கா போன்ல அவங்க பேரனோட பிறந்தநாள் வீடியோ ஒண்ணு இருந்துச்சு, பசங்க கேக் கையோட ஓடுறானுங்க, பின்னாடி புல்லு, பெஞ்ச், மூணு மரமும் தேதியோட தெரியுது. அதைக் காட்டித்தான் 2 லோடு மேல்மண்ணும் ஒரு பெஞ்சும் வாங்குனோம். கிரிக்கெட் கீத்தை மட்டும் புல்லு போட்டு மூடிட்டாங்க, பசங்க ஒரே வாரத்துல அதைத் தேச்சுப் பழையபடி ஆக்கிட்டாங்க.